முதியோர் இல்லத்தில் எதைப் பார்க்கணும்?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். குழுவில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். அதில் மூணு வருஷம் ஊக்குநர். வரவு செலவு வாசிக்க இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். பேசுறதுக்கு ஏறினது இதுதான் முதல் தடவை. ஆடு வளர்ப்பு பற்றிப் பேசச் சொல்வாங்கன்னு நினைச்சேன். தலைவி அக்காதான், "நீ உங்க அத்தை விஷயத்தைச் சொல்லுடி, நம்ம ஊராட்சியில எத்தனை வீட்டுல இந்தக் கஷ்டம் ஓடிக்கிட்டு இருக்கு, வெளிய சொல்லத்தான் ஆள் இல்லை" என்றார்கள். அதனால் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். நடுவில் தொண்டை அடைச்சா கொஞ்சம் பொறுத்துக்கங்க.

அத்தைன்னா எங்க அப்பா கூடப் பிறந்த அக்கா. எனக்கு ஏழு வயசிருக்கும்போது எங்க அம்மா தவறிட்டாங்க. அத்தை கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவங்க. பிள்ளை இல்லை. என்னையும் என் தம்பியையும் வளர்த்தது அவங்கதான். நாத்து நட, களை எடுக்க, கருவேலங்கட்டை வெட்ட என்று எந்த வேலைக்கும் போவாங்க. என் கல்யாணத்துக்குப் போட்ட ரெண்டு பவுனும் அவங்க கழுத்தில் கிடந்ததுதான்.

அவங்களுக்கு 74 வயசாகும்போது குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. மதுரையில் ஆபரேஷன் பண்ணி, பிளேட் வச்சு அனுப்பினாங்க. உயிருக்கு ஒண்ணும் இல்லை. ஆனா எழுந்து நடக்க முடியலை. நாலு மாசம் என் வீட்டில் வச்சிருந்தேன். என் வீடு உங்களுக்குத் தெரியும். ஒரு ரூம், ஒரு அடுப்படி, கழிப்பறை பின்னாடி மூணு படி இறங்கி. மாமியாருக்கு ஒரு கண்ணு தெரியாது. ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க, பெரியவ அந்த வருஷம் பத்தாவது. வீட்டுக்காரர் லோடு ஏத்தப் போயிருவார். அத்தையைத் தனியா தூக்கித் தூக்கி நாலாவது மாசம் எனக்கே இடுப்பு பிடிச்சு நிமிர முடியலை. அப்போ திருப்பூரில் இருக்கிற தம்பி சொன்னான், "மாசா மாசம் பணம் நான் அனுப்புறேன், நல்ல ஹோமா பாத்துச் சேத்துருக்கா."

சேர்த்தேன். ஊரில் என்ன பேசினாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. "வளர்த்தவளைக் கொண்டுபோய்த் தள்ளிட்டா" என்று என் காதுபடவே சொன்னாங்க. அப்படிச் சொன்னவங்க சில பேர் இங்கேயும் இருக்கீங்க. எனக்குக் கோபம் இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நான் அடிக்கடி போகாம இருந்தேன். பஸ் ஏறும்போதெல்லாம் "ஹோமுக்கா?" என்று கேட்பாங்களே என்று கூச்சப்பட்டு, மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனேன். அந்தக் கூச்சம் அத்தைக்குத்தான் கெடுதலாப் போச்சு.

திருப்புவனம் சந்தையில் ஆடு வாங்கப் போனா நாம என்ன செய்வோம்? பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம், வயித்தைத் தடவுவோம், காலைத் தூக்கிக் குளம்பைப் பார்ப்போம், நாலு நடை நடக்கவிட்டுப் பார்ப்போம். விக்கிறவன் சொல்றதை யாராவது நம்புவோமா? என்னை வளர்த்த அத்தையை விடப் போன இடத்தில் நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? தரையில் டைல்ஸ் பளபளன்னு இருந்துச்சு. வாசலில் பிள்ளையார், ஹாலில் பெரிய டிவி, சுவரில் கேமரா. காலையில் இட்லி, மதியம் சாதம் சாம்பார் பொரியல், ராத்திரி சப்பாத்தி என்று கலர் பேப்பரில் எழுதி ஒட்டியிருந்தாங்க. மேனேஜர் தம்பி "அம்மா, அம்மா" என்று பேசினார். மாசம் 9,500 ரூபாய். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு வந்துட்டேன். அத்தை படுக்கப் போற கட்டிலைக்கூட நான் பார்க்கலை.

பார்க்கிற நேரம் ஞாயிற்றுக்கிழமை 11 மணியில் இருந்து 12 மணி வரைக்கும். நான் போனா வரவேற்பு ரூமில் உட்கார வச்சு, அத்தையை வீல்சேரில் தள்ளிக்கிட்டு வருவாங்க. தலை சீவி, முகத்துக்குப் பவுடர் போட்டு, சுத்தமான நைட்டி. பக்கத்தில் ஒரு ஆள் நின்னுக்கிட்டே இருப்பார். "எப்படி இருக்கீங்க அத்தை?" என்பேன். "நல்லாப் பாத்துக்கிறாக தாயி" என்பாங்க. நான் வாங்கிட்டுப் போன பன்னைப் பிச்சு ஊட்டிட்டு, மனசு நிறைஞ்சு பஸ் ஏறிருவேன்.

மூணாவது மாசம், பெரியவளுக்கு ஒரு சான்றிதழ் வாங்க மதுரைக்குப் போனேன். புதன்கிழமை. வேலை முடிய சாயங்காலம் ஆயிருச்சு. வந்தது வந்தோம், அத்தையை எட்டிப் பார்த்துட்டுப் போவோம்னு ஆறரை மணிக்குப் போய் நின்னேன். "இப்போ பார்க்க முடியாது" என்றாங்க. ராத்திரி பஸ் இல்லை, நாளைக்கு வர முடியாதுன்னு கெஞ்சினேன். கேட்டில் இருந்த பெரியவர் பாவப்பட்டு உள்ளே விட்டார்.

பதினோரு கட்டில் போட்ட ரூம். உள்ளே நுழைஞ்சதும் பினாயில் வாடை கண்ணை எரிச்சுது, அதுக்குள்ளே மூத்திர வாடை. அத்தை மல்லாக்கப் படுத்திருந்தாங்க. தலைமாட்டு ஸ்டூலில் தட்டு, ரெண்டு சப்பாத்தி காஞ்சுபோய், பிச்சுக்கூடப் போடலை. தண்ணி டம்ளர் கைக்கு எட்டாத தூரத்தில். என்னைப் பார்த்ததும் அவங்க சொன்ன முதல் வார்த்தை, "கொஞ்சம் தண்ணி குடு தாயி." நாக்கு வறண்டு சொரசொரன்னு இருந்துச்சு. தண்ணி கொடுக்கிறதுக்காகத் தூக்கி உட்கார வைக்கலாம்னு முதுகுக்குக் கீழே கை விட்டேன். கை நனைஞ்சுது. திருப்பிப் பார்த்தேன். முதுகுத்தண்டு முடியிற இடத்தில் ஒரு புண். என் ரெண்டு விரல் உள்ளே போகும். குதிகாலில் ஒண்ணு, கறுத்துப்போய்.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

ஏன் சொல்லலைன்னு அத்தைகிட்டக் கேட்டேன். "பக்கத்துலயே நிக்கிறாகளே, நீ போனப்பறம் நான் இங்கனதானே கெடக்கணும்" என்றாங்க. தண்ணி ஏன் குடிக்கலை? "குடிச்சா ஒண்ணுக்கு வரும். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவைதான் துணி மாத்துவாக. நடுவுல கூப்பிட்டா ஆயாவுக்குக் கோவம் வருது. அதுனால நானே குடிக்கிறதைக் கொறச்சுக்கிட்டேன்." யாரும் தண்ணி தரமாட்டேன்னு சொல்லலை பாருங்க. இவங்களே நிறுத்திக்கிட்டாங்க. தொந்தரவு கொடுக்கக்கூடாதாம்.

மறுநாளே கூட்டிட்டு வந்துட்டேன். முன்பணத்தில் 5,000 பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுத்தாங்க. ரெண்டு மாசம் தினமும் புண்ணுக்குக் கட்டு. குழுவில் உள்கடன் 20,000 கொடுத்தீங்க. அதுக்கு ஒரு வாரத்துத் தவணைகூடத் தவறாம கட்டி முடிச்சிருக்கேன்னு இந்த இடத்தில் சொல்லிக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் எங்க குழுவில் இருக்கிற ஒரு அக்கா என்னைத் தேடி வந்தாங்க. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்க மூணு வருஷம் வேறொரு ஊரில் முதியோர் இல்லத்தில் ஆயாவா வேலை பார்த்தவங்க. அத்தை புண்ணைப் பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டாங்க: "அங்க ராத்திரி எத்தனை பேரு டூட்டி?" எனக்குத் தெரியலை. விசாரிச்சுப் பார்த்தா, 22 பேருக்கு ராத்திரி ஒரே ஒரு ஆயா. அந்த 22 பேரில் படுத்த படுக்கையா இருக்கிறவங்க ஒன்பது பேர்.

அக்கா தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாங்க. நமக்குக் கணக்குப் புரியும், அதனால் சொல்றேன். படுக்கையில் கிடக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களிச்சுத் திருப்பிப் போடணும். இல்லைன்னா எலும்பு அழுத்துற இடத்தில் ரத்த ஓட்டம் நின்னு சதை செத்துப் புண்ணாகும். ஒருத்தரைத் திருப்பி, துடைச்சு, துணி மாத்த குறைஞ்சது பத்து நிமிஷம். ஒன்பது பேருக்குத் தொண்ணூறு நிமிஷம். மீதி அரை மணி நேரத்தில் மற்ற பதிமூணு பேரைக் கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு, மறுபடியும் முதல் ஆளில் இருந்து ஆரம்பிக்கணும். விடிய விடிய. அந்தப் பொம்பளை ஒரு வாய் டீ குடிக்க முடியுமா? "நாங்க எல்லாரையும் நல்லாத் திருப்பிப் போடுறோம்" என்று மேனேஜர் சொன்னா அது பொய்னு இந்தக் கணக்கே சொல்லிருது. ஆயா கெட்டவ இல்லை. அவளும் நம்மை மாதிரி ஒரு குழுவில் சந்தா கட்டுறவதான். பன்னிரண்டு மணி நேரம் நிக்கிறா. அவ கோபத்தை மட்டும் பார்த்துட்டு அவளைத் திட்டிட்டு வந்தா, சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற ஆள் தப்பிச்சுக்குவார்.

அதுக்கப்புறம் நானும் அந்த அக்காவும் நாலு இல்லம் போய்ப் பார்த்தோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதினோம்.

நம்ம குழுவைத் தர மதிப்பீடு பண்ண வருவாங்க இல்லையா? வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துறது, கணக்குப் புத்தகம் என்று பஞ்ச சூத்திரம் பார்ப்பாங்க. ஊக்குநர் வீட்டில் காபி, முறுக்கு எல்லாம் தயாரா இருக்கும். ஆனா விவரமான அதிகாரி என்ன செய்வார்? நல்லாப் பேசுற ஆளை விட்டுட்டு, கடைசியில் சுவர் ஓரமா உட்கார்ந்திருக்கிற அக்காவைப் பார்த்து, "உங்க சேமிப்பு எவ்வளவும்மா, கடைசியா யாருக்குக் கடன் கொடுத்தீங்க?" என்று கேட்பார். அங்கேதான் குழுவோட லட்சணம் தெரியும். இல்லத்திலும் அதையே செய்யச் சொன்னாங்க அந்த அக்கா. நடமாடுற ஆளைப் பார்க்காதே, பேச முடியாம மூலைக் கட்டிலில் கிடக்கிற ஆளைப் பாரு. அவங்க நகம் வெட்டியிருக்கா, வாய் சுத்தமா இருக்கா, கண் ஓரத்தில் பீளை காஞ்சு கிடக்கா, தண்ணி கைக்கு எட்டுற தூரத்தில் இருக்கா. அவங்களையே நல்லாப் பார்த்துக்கிட்டா மற்றவங்களைக் கேட்கவே வேண்டாம்.

முதல் இல்லம் மதுரை ரிங் ரோட்டுப் பக்கம், மூணு மாடி. காலையில் பதினொரு மணிக்குப் போனோம். ஒரு ஹாலில் பதினாறு பேர், எல்லாரும் தூக்கம். அக்கா என் கையைக் கிள்ளினாங்க. வயசானவங்க ஒண்ணு ரெண்டு பேர் பகலில் தூங்குவாங்க, பதினாறு பேரும் தூங்குவாங்களா? மாத்திரை நோட்டைக் காட்டுங்கன்னு கேட்டோம். யாருக்கு என்ன மாத்திரை, எந்த டாக்டர் எழுதினது, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கணும். "அது டாக்டர்கிட்ட இருக்கு" என்றாங்க. ஒரு பாட்டியோட கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்துச்சு. "விழுந்துருவாங்க, அவங்க நல்லதுக்குத்தான்" என்றாங்க. எனக்கு ஏர்வாடிதான் ஞாபகம் வந்துச்சு. நமக்குப் பக்கத்து மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே மனநலக் காப்பகம் ஒண்ணில் தீப்பிடிச்சு, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாம செத்துப்போனாங்க. அப்போ நான் பள்ளிக்கூடம் போற பிள்ளை. அத்தை அந்தச் செய்தியைக் கேட்டுட்டு அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. விழுவாங்கன்னா கட்டிலை உயரம் குறைச்சுப் போடலாம், ஓரத்தில் தடுப்பு வைக்கலாம், பக்கத்தில் ஆள் போடலாம். கட்டிப்போடுறதுதான் எல்லாத்தையும்விட மலிவு, அதனால் கட்டுறாங்க.

ரெண்டாவது இடம் தர்மத்துக்கு நடத்துறது, பணம் கிடையாது. சாப்பாடு நல்லா இருந்துச்சு, தரை சுத்தம், யாருக்கும் புண் இல்லை. ஆனா அங்கே இருந்த பொம்பளைங்க அத்தனை பேருக்கும் மொட்டை மாதிரி முடியை ஒட்ட வெட்டியிருந்தாங்க. பேன் வருதாம், சீவிவிட ஆள் இல்லையாம். ஒரு பாட்டி எங்களைப் பார்த்ததும் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கிட்டாங்க. திரும்பி வரும்போது பஸ்சில் எனக்கும் அக்காவுக்கும் சண்டை. "இலவசமா சோறு போட்டு, புண்ணு இல்லாம பாத்துக்கிறாங்க, முடியைப் போய்ப் பேசுறியே" என்பது அக்கா. நான் ஒத்துக்கலை. கேட்டுட்டு வெட்டினா அது வேற. கேட்காம வெட்டினா, நாளைக்கு எதை வேணும்னாலும் கேட்காம செய்வாங்க. இன்னைக்கு வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் இதில் ஒத்த கருத்து இல்லை.

மூணாவது இல்லத்தில் கழிப்பறைக்குப் போக ரெண்டு படி ஏறணும், பிடிச்சுக்கக் கம்பி இல்லை. வேற எதையும் பார்க்காம வந்துட்டோம்.

நாலாவது, மானாமதுரை போற வழியில் ஒரு பழைய ஓட்டு வீடு. சிமெண்டுத் தரை, அங்கங்கே வெடிப்பு. டிவி கூட சின்னதுதான். நாங்க சொல்லாம கொள்ளாம மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்னோம். "வாங்க, உள்ள வந்து பாருங்க, நான் ஊட்டி முடிச்சிட்டு வர்றேன்" என்று உள்ளே இருந்து ஒரு குரல். அவங்கதான் நடத்துறவங்க, முன்னே நர்சா இருந்தவங்க. அவங்களே ஒரு பாட்டிக்கு ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. ஒரு வாய் கொடுத்துட்டு, முழுங்கிட்டாங்களான்னு தொண்டையைப் பார்த்துட்டு அடுத்த வாய். திண்ணையில் ரெண்டு பேர் பூண்டு உரிச்சாங்க. அடுப்படி வாசலில் ஒரு கிழவி சமையல்காரம்மாவை வாங்கு வாங்குன்னு வாங்கிக்கிட்டு இருந்துச்சு: "நீயும் ஒரு பொம்பளையா, ரசத்துல உப்பு போடத் தெரியலை." சமையல்காரம்மா, "உனக்கு பிரஷரு இருக்கு ஆத்தா, டாக்டர்கிட்டப் போய்க் கேளு" என்று திருப்பிக் கொடுத்தாங்க. நான் முகம் சுளிச்சேன். அக்கா என் காதில், "இதுதான்டி நல்ல இடம்" என்றாங்க. "பயம் இருக்கிற இடத்துல எவளாவது உப்பு இல்லைன்னு சண்டை போடுவாளா?" அந்த வார்த்தை கேட்டதும் எனக்கு எங்க அத்தை சொன்ன "நல்லாப் பாத்துக்கிறாக தாயி" ஞாபகம் வந்துச்சு.

அங்கே 14 பேர், படுக்கையில் நாலு பேர், ராத்திரிக்கு ரெண்டு ஆயா. ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒரு அட்டை தொங்குச்சு. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினது, எத்தனை டம்ளர் தண்ணி, எப்போ வெளிக்குப் போனாங்க, எல்லாம் கோணல் மாணலா, வேற வேற பேனாவில் எழுதியிருந்துச்சு. ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் அழகா இருந்தா ஒரே நாளில் உட்கார்ந்து எழுதினதுன்னு அர்த்தம். தீர்மான நோட்டு எழுதுற நமக்கு இது தெரியாதா என்ன! மாசம் ஒரு தடவை எடை போட்டு எழுதியிருந்தாங்க. எடை குறைஞ்சுக்கிட்டே போனா சாப்பாடு இறங்கலைன்னு தெரிஞ்சுபோகும்.

அந்த நர்சம்மா சொல்லிக் கொடுத்த ஒண்ணை நீங்க எல்லாரும் கட்டாயம் கேட்டுக்கணும், இது வீட்டில் படுக்கையா இருக்கிறவங்களுக்கும் ஆகும். படுக்கைப் புண் திடீர்னு வராது. முதலில் அந்த இடம் நிறம் மாறும். புத்தகத்தில் சிவப்பாகும் என்று போட்டிருக்கும். நம்ம நிறத்துக்குச் சிவப்பு தெரியாது, சுத்தி இருக்கிற தோலைவிடக் கறுப்பா, ஊதாவா தெரியும். அதனால் கண்ணை நம்பாம கையால் தொட்டுப் பார்க்கணும். சூடா இருக்கா, கல்லு மாதிரி இறுகியிருக்கா, இல்லை கொழகொழன்னு இருக்கா. பார்க்க வேண்டிய இடம் முதுகுத்தண்டின் அடி, ரெண்டு இடுப்பு ஓரம், குதிகால், முழங்கை, தோள்பட்டை, பின்னந்தலை. அந்த நேரத்திலேயே அழுத்தம் படாம பார்த்துக்கிட்டா புண்ணாகாம தடுத்துரலாம். அந்த இடத்தைப் போட்டுத் தேய்க்கக்கூடாது. நான் முன்னாடி வீட்டில் இருந்தப்போ எண்ணெய் போட்டு நல்லாத் தேய்ச்சுவிட்டவள்தான், தெரியாம.

சட்டம் பத்தி மேடம் பேசுவாங்க, நான் ரெண்டு வரி மட்டும். 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் என்று ஒண்ணு வந்திருக்கு. பிள்ளைகள் பார்க்கலைன்னா வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பிள்ளை இல்லாத எங்க அத்தை மாதிரி ஆளுக்கு, அவங்க சொத்தை வச்சிருக்கிற, இல்லைன்னா பின்னாடி அது யாருக்குப் போகுமோ அந்த உறவுக்காரர் பராமரிக்கணும். இல்லத்தில் சேர்க்கும்போது பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாலும் தேதி முடிஞ்சிருக்கான்னு கிட்டப் போய்ப் படிங்க. முதியோருக்கான இலவச உதவி எண் 14567. நான் அந்த எண்ணுக்குப் பேசி, அவங்க சொன்னபடி பழைய இல்லத்தைப் பத்தி மனு கொடுத்தேன். ஆய்வுக்குப் போனாங்க. அன்னைக்கு எல்லாக் கட்டிலிலும் புது விரிப்பு போட்டிருந்துச்சாம், அங்கே வேலை பார்த்த ஆயாவே சொன்னது. ஆனா அதுக்கப்புறம் ராத்திரிக்கு இன்னொரு ஆள் போட்டாங்களாம். அதுவரைக்கும் லாபம்.

புண் ஆறினதும் அத்தையை அந்த ஓட்டு வீட்டில் சேர்த்தேன். இந்தத் தடவை கூச்சப்படலை. வாரம் ஒரு தடவை, ஒரே கிழமையில் போக மாட்டேன். ஒரு நாள் காலையில், ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். போனதும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கிட்டே முதுகில் கை விட்டுப் பார்த்திருவேன். "என்னத்தடி தடவுற, மாடு பிடிக்க வந்தவன் மாதிரி" என்று வைவாங்க. மூணாவது மாசத்தில் அவங்களும் உப்புச் சண்டையில் சேர்ந்துட்டாங்க.

அங்கே ஒண்ணேகால் வருஷம் இருந்தாங்க. போன ஆடியில் தூக்கத்திலேயே போயிட்டாங்க. வீட்டுக்குக் கொண்டுவந்து, நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டும்போது நான்தான் முதுகுப் பக்கம் நின்னேன். சீயக்காய் போட்டுத் தேய்ச்சப்போ பழைய புண் ஆறின தழும்பு மட்டும் கையில் தட்டுப்பட்டுச்சு. வேற ஒரு கீறல் இல்லை. கூட நின்ன பெரியாத்தா ஒருத்தங்க, அன்னைக்கு என்னை ஏசினவங்கதான், "ஹோம்ல கெடந்த உடம்பு மாதிரி இல்லையேடி" என்றாங்க.

இப்போ நான் விசாரிச்ச வரைக்கும் நம்ம ஊராட்சியில் இருந்து ஆறு பேர் வெளியே இல்லங்களில் இருக்காங்க. அதில் ரெண்டு பேருக்குப் போய்ப் பார்க்க ஆளே இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். மாசம் ஒரு தடவை, குழுவுக்கு ரெண்டு பேர் என்று முறை வச்சுப் போய்ப் பார்த்துட்டு வர்றதுன்னு இன்னைக்குத் தீர்மான நோட்டில் எழுதணும்னு கேட்டுக்கிறேன். பஸ் செலவுக்குக் கூட்டமைப்பில் இருந்து கொடுக்கலாம்னு பொருளாளர் அக்கா தலையாட்டினாங்க, எல்லாரும் சாட்சி. உங்க வீட்டு ஆள் யாராவது இல்லத்தில் இருந்தா, சாப்பாட்டுக்கு முன்னாடி வந்து என்கிட்ட ஊர் பேரையும் இல்லத்து பேரையும் மட்டும் சொல்லிருங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். முதல் நடை அடுத்த வியாழக்கிழமை, காலை 9.10 பஸ். வர்றவங்க ஆளுக்கு ஒரு பேனா எடுத்துக்கங்க, நோட்டு நான் கொண்டு வர்றேன்.